எளிது என்று தள்ளிய கணக்கு

எண்பதுகளில் அமெரிக்க உறவினர் அனுப்பிய கல்யாண வீடியோ காசெட் இங்கே நம்ம வீட்டுப் பெட்டியில் ஒழுங்காக ஓடாது. அங்கே என்.டி.எஸ்.சி. முறை, இங்கே பால் முறை (குடிக்கிற பால் இல்லை!). பிரான்சில் மூன்றாவதாக ஒன்று. நாட்டுக்கு நாடு தனித்தனித் தரம் வைத்துக்கொண்டதன் பலன் அது.

பின்னால் வந்த வி.சி.டி., டி.வி.டி., எம்.பி.3, கைபேசிப் படம் எல்லாம் பொதுத் தரங்களால் வந்தவை. அந்தத் தரங்களுக்கு அடிப்படையான கணக்கைக் கண்டவர்களைப் பற்றி நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1940-இல் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அமெரிக்காவில் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். படங்களைச் சுருக்க ஒரு கணித முறையை ஆராய 1972-இல் அந்நாட்டு தேசிய அறிவியல் நிறுவனத்திடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை மிக எளிதாக இருக்கிறது என்பது மதிப்பிட்டவர் ஒருவரின் கருத்து! அவர் விடவில்லை. 1973 கோடை முழுவதும் அதிலேயே உட்கார்ந்தார். துணைக்கு அவருடைய ஆய்வு மாணவர் டி. நடராஜன், இன்னொருவர் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து, டெக்சாஸில் பேராசிரியராக இருந்த கே.ஆர். ராவ். 1974 ஜனவரியில் மூவர் பெயரிலும் நான்கே பக்கத்தில் கட்டுரை வெளிவந்தது. அந்த முறைக்கு டி.சி.டி. என்று பெயர்.

விஷயம் இதுதான். படத்தை எட்டுப் புள்ளி, எட்டு வரிசை கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கிறோம். கட்டத்துக்கு 64 புள்ளி. ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் எழுதுவதற்குப் பதிலாக, 64 நிலையான கோலங்களில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று கணக்கிடுகிறோம். வானம், சுவர், முகம் போன்றவற்றில் சில கோலங்களே பெரும்பங்கு வகிக்கும். கண் கவனிக்காத மிச்சத்தை விட்டுவிடலாம்.

இத்தாலியப் பொறியாளர் லியோனார்டோ கியாரிலியோனே முன்னின்று 1988-இல் தொடங்கிய எம்பெக் குழு, இந்தக் கணக்கைத் தன் தரங்களில் சேர்த்தது. அசையாப் படத்துக்கான ஜேபெக் தரம் 1992-இல் வந்தது, எம்பெக்-1 1993-இல். சுருக்காத தொலைக்காட்சிப் படம் ஒரு சி.டி.யில் ஒரு நிமிடம்கூட ஓடாது. படத்தின் அளவைக் குறைத்து எம்பெக்-1 முறையில் சுருக்கினால் 74 நிமிடம்! நாம் பார்த்த தமிழ்ப் படங்கள் இரண்டு மூன்று வி.சி.டி.யாக வந்ததற்கும் அதுவே காரணம். எம்.பி.3 பாட்டும் எம்பெக்-1 தரத்தின் ஒரு பகுதிதான். அதற்குள்ளும் டி.சி.டி.யின் ஒரு வடிவம் இருக்கிறது.

எம்பெக் செய்த ஒரு காரியம் என்னை மிகவும் கவர்ந்தது. சுருக்கியதை எப்படி விரிக்க வேண்டும் என்பதை மட்டுமே தரம் கட்டாயமாக்கியது. எப்படிச் சுருக்குவது என்பதை அவரவர் திறமைக்கு விட்டுவிட்டது. அதனால் யார் செய்த தட்டும் யார் கருவியிலும் ஓடியது, போட்டியும் குறையவில்லை. பொது விதியும் வேண்டும், தனித்திறமைக்கு இடமும் வேண்டும். பல மொழிக்காரர் நடுவே வாழும் நமக்கு இது புதிதல்லவே!

பிள்ளைகள் ஏதாவது யோசனை சொன்னால், "இவ்வளவு எளிதா?" என்று சிரித்துவிடாதீர்கள். எளிது என்று தள்ளப்பட்ட ஒரு கணக்கில்தான் ஊரிலிருந்து வரும் பேரக்குழந்தையின் படம் உங்கள் கைபேசிக்கு வந்து சேர்கிறது.