பிறப்பைக் கேட்காத புத்தர்: 2,500 ஆண்டுகளாகியும் ஏன் இந்த ஈர்ப்பு?

கஃபே சுவர், பார்லர் வரவேற்பறை, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்... கண்மூடிச் சிரிக்கும் புத்தரை எங்கேயும் பார்க்கலாம். கூடவே 'ஆசையே துன்பத்துக்குக் காரணம்'னு ஒரு வரி. ஆனா, ஒருத்தர் மேல 2,500 ஆண்டுகளா ஈர்ப்பு குறையாம இருக்க அமைதியான முகம் மட்டும் போதுமா? போதாது பாஸ். அவர் அன்னிக்குச் செஞ்ச சில காரியங்கள் இன்னிக்கும் துணிச்சலானவை.

யார் இந்த சித்தார்த்தர்?

இன்றைய நேபாளத்தில் இருக்கும் லும்பினியில், சாக்கிய குலத்தில் பிறந்தவர். 29 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பினார். ஆறு ஆண்டுகள் பட்டினி கிடந்து உடலை வருத்தியும் பலன் இல்லை. ஆடம்பரமும் வேண்டாம், பட்டினியும் வேண்டாம், நடுவழிதான் சரின்னு புரிந்தது. புத்தகயாவில் அரச மரத்தடியில், 35 வயதில் ஞானம் பெற்றார். முதல் போதனை, காசிக்குப் பக்கத்தில் சாரநாத்தில். 80 வயதில் குசிநகரில் மறையும்வரை ஊர் ஊராக நடந்தார்.

சொன்னதன் சாரம் நாலே விஷயம். வாழ்க்கையில் துன்பம் இருக்கு. அதுக்குக் காரணம் தணியாத வேட்கை. அதை நிறுத்த முடியும். நிறுத்த எட்டு வழிமுறைகள் இருக்கு. டாக்டர் நோயையும் காரணத்தையும் கண்டுபிடித்து மருந்து எழுதித் தருவது மாதிரி! பைக் வாங்க நினைக்கிறதே தப்புன்னு இதுக்கு அர்த்தம் இல்லை. இ.எம்.ஐ முடியும் முன்பே அடுத்த மாடலைத் தேட வைக்குதே, அந்தத் தாகத்தைத்தான் அவர் சொன்னார்.

துண்டுத் துணியில் ஒரு சீருடை

காங்கேயம், திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது சட்டுனு புரியும். பிக்குகளின் ஆடைக்குச் சீவரம் என்று பெயர். ஆரம்ப காலத்தில், குப்பையிலும் சுடுகாட்டிலும் கிடந்த துணிகளைப் பொறுக்கி, துவைத்து, சாயம் ஏற்றித் தைத்துக்கொண்டார்கள். பிறகு புதுத் துணி கிடைத்தபோதும் துண்டு துண்டாக வெட்டித்தான் தைக்கணும் என்பது விதி. மகத நாட்டு வயல்களையும் வரப்புகளையும் காட்டி, இதே மாதிரி தைக்க முடியுமா என்று புத்தர் கேட்க, ஆனந்தர் அந்த டிசைனை உருவாக்கியதாக விநய நூல் சொல்கிறது. அரசகுமாரனுக்கும் கூலிக்காரனுக்கும் அதே உடைதான்.

உடை மட்டும் இல்லை, மரியாதையும் அப்படித்தான். சாக்கிய இளவரசர்கள் சிலர் துறவு பூண வந்தபோது, அவர்களுடைய நாவிதர் உபாலியும் உடன் வந்தார். தங்கள் குலப்பெருமை ஒழியணும்னு அந்த இளவரசர்களே கேட்டுக்கொள்ள, உபாலிக்கு முதலில் துறவு தரப்பட்டது. சங்கத்தில் முதலில் சேர்ந்தவரே மூத்தவர். எனவே, சேவகம் செய்தவரை எசமானர்கள் வணங்க வேண்டியதாயிற்று. பெண்களுக்கும் சங்கத்தில் இடம் கிடைத்தது. ஆனால், ஆண்களைவிடக் கூடுதல் விதிகளோடு.

வியாபாரிகளோடு நடந்த தர்மம்

புத்தரின் முதல் இல்லறச் சீடர்களாக மரபு சொல்லும் தபுஸ்ஸரும் பல்லிகரும் வியாபாரிகள். பிற்காலத்திலும் பௌத்தம் பரவியது வணிகப் பாதைகளில்தான். அசோகரின் கல்வெட்டுகள் சோழர், பாண்டியர் பெயர்களையும் குறிப்பிடுகின்றன.

அப்படியொரு பாதை நம்ம கொங்கு வழியாகவும் போனது. காங்கேயம் பக்கத்துப் படியூர், பச்சைக்கல்லுக்குப் பேர்போனது. நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில், கல்மணி செய்த பட்டறைகளும் தமிழி எழுத்துள்ள பானை ஓடுகளும் கிடைத்தன. அந்த ஓடுகளில் வடநாட்டுப் பிராகிருதச் சாயல் கொண்ட பெயர்களும் உண்டு. கொங்கில் ஆழமாகத் தடம் பதித்தது புத்தரின் சமகாலத்தவரான மகாவீரரின் சமணம்; விஜயமங்கலம் சமணக் கோயில் அதுக்குச் சாட்சி. பௌத்தம் செழித்தது கடற்கரையில். காவிரிப்பூம்பட்டினத்தில் விகாரை இருந்தது. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய சூடாமணி விகாரைக்கு, சைவரான ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் கிராமத்து வருவாயைக் கொடுத்தார்.

மறைந்து, திரும்பி வந்த கதை

பக்தி இயக்கம் வளர்ந்தது. மன்னர்களின் ஆதரவும் குறைந்தது. தமிழகத்தில் பௌத்தம் மெல்ல மங்கியது. அதை மீட்டவர்களில் முதன்மையானவர் அயோத்திதாசர். 1898-ல் இலங்கை சென்று பௌத்தம் ஏற்று, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழ் வந்தது. ஒடுக்கப்பட்ட மக்கள் ஒரு காலத்தில் பௌத்தர்களாக இருந்தவர்கள் என்பது அவர் வாதம். 1956 அக்டோபர் 14-ல் நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு அம்பேத்கர் பௌத்தம் தழுவினார். அவர்கள் தேடியது மனநிம்மதியை மட்டும் அல்ல, தலைநிமிர்ந்து நிற்கும் சுயமரியாதையை!

நீங்களும் முயற்சி செய்யலாமா?

எஸ்.என்.கோயங்கா மரபில் நடக்கும் 10 நாள் விபாசனா முகாம்களுக்குக் கட்டணம் இல்லை. ஏற்கெனவே பயின்றவர்கள் தரும் நன்கொடையில் நடக்கின்றன. சென்னை அருகே திருமுடிவாக்கத்திலும் மையம் உண்டு. போனை ஒப்படைத்துவிட்டு மௌனமாக இருக்கணும். மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஷிப்ட் வேலையில் 10 நாள் லீவு கிடைக்காதா? தினமும் பத்து நிமிஷம் உட்கார்ந்து, மூச்சு வந்து போவதைக் கவனிப்பதில் தொடங்கலாம்.

முன்னோர் சொன்னார்கள், நூலில் இருக்கு, குரு சொல்கிறார் என்பதற்காக மட்டும் எதையும் ஏற்காதீர்கள். நல்லதா என்று நீங்களே சோதித்துப் பாருங்கள் என்பது காலாமர்களுக்குப் புத்தர் சொன்னதன் சாரம். அவர் சொன்னதையும் அப்படியே சோதித்துப் பார்க்கலாம். அந்தச் சுதந்திரத்தைக் கொடுத்ததால்தான், இன்னிக்கும் புதுசா யாராவது அவரைத் தேடி வந்துக்கிட்டே இருக்காங்க!