தனியுருவச் சித்திரங்களில் ஒளியும் இருளும்: ஜார்ஜ் செரா

புள்ளியோவியங்களால் புகழ்பெற்ற பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் செரா (1859–1891), அவற்றில் கைவைக்கும் முன்பே கருப்புக் கான்டே கிரேயானால் ஏராளமான சித்திரங்கள் தீட்டினார். பெரும்பாலானவற்றில் இருப்பது ஒற்றை ஆள்தான். தனிமனித உருவத்தில் ஒளியும் இருளும் கொண்டிருந்த பழைய பொருளை இச்சித்திரங்கள் மாற்றியமைத்தன.

ஐரோப்பியச் சமயக் கலையில் ஒளி நெடுங்காலம் ஞானத்தையும் இறையருளையும் குறித்தது. இருள், அறியாமையையும் பாவத்தையும். ரெம்பிராண்ட் 1642இல் உருவாக்கிய 'இருளறையில் புனித ஜெரோம்' என்னும் செதுக்கச்சு ஓவியத்திலேயே இந்த வழக்கு தளரத் தொடங்கிவிட்டது. சன்னல் பிரகாசமாக இருக்கிறது. தலையைக் கையில் தாங்கிச் சிந்திக்கும் ஞானியோ இருட்டுக்குள் இருக்கிறார். அங்கே இருள்தான் சிந்தனையின் இடம்.

செராவின் கருவி போர்க்காலத்தில் பிறந்தது. பிரிட்டனோடு மூண்ட போரால் பிரான்சுக்குக் கிராஃபைட் வரத்து தடைப்பட்டபோது, நிக்கோலா-ஜாக் கான்டே கிராஃபைட் தூளைக் களிமண்ணோடு பிசைந்து சுட்டு 1795இல் புதிய எழுதுகோலை உருவாக்கினார். அவர் பெயரைத் தாங்கும் கிரேயானை செரா, மிஷாலே என்ற சொரசொரப்பான தாளில் தேய்த்தார். மேடுகளில் கருமை படியும். பள்ளங்கள் வெள்ளையாகவே நிற்கும். ஆகவே அவருடைய மிக அடர்ந்த இருட்டுக்குள்ளும் தாளின் வெளிச்சம் கசிகிறது. உருவத்தைச் சுற்றி எல்லைக்கோடு கிடையாது. உடல் கருக்கும் இடத்தில் பின்னணியை வெளிறவிட்டு, வெளிச்சம் பட்ட இடத்தில் பின்னணியைக் கருக்கி உருவத்தைப் பிரித்தார். அருகருகே உள்ள நிறங்கள் ஒன்றையொன்று மிகைப்படுத்திக் காட்டும் என்று வேதியியலாளர் ஷெவ்ரல் 1839இல் விளக்கியிருந்தார். செரா அதை ஊன்றிப் படித்தவர்.

இம்முறையின் உச்சம் 'பூத்தையல்' (1882–83). ஓவியரின் தாய் குனிந்து தைக்கிறார். நெற்றியில் தங்கும் மங்கிய வெளிச்சம் வானிலிருந்து இறங்கும் அருளல்ல, வீட்டுக்குள் வந்த சாதாரண வெளிச்சம். சுற்றியுள்ள கருமையில் அச்சமும் இல்லை. வேலையில் ஆழ்ந்த ஒருவரின் அந்தரங்கத்தை அது காக்கிறது. இத்தகைய படைப்புகளைச் சோகச் சித்திரங்கள் என்று மட்டும் படிப்பவர்கள் இந்த மரியாதையைத் தவறவிடுகிறார்கள்.

1883ஆம் ஆண்டு பாரிஸ் சலோன் கண்காட்சி, நண்பர் அமான்-ஜானை அவர் வரைந்த சித்திரத்தை ஏற்றது. செரா பொதுக் காட்சிக்கு வைத்த முதல் படைப்பு அதுவே. 'கிராந்த் ஜாத் தீவில் ஞாயிற்றுக்கிழமை' (1884–86) என்ற பேரோவியத்துக்கும் கான்டே சித்திரங்களிலேயே ஆயத்தம் செய்தார். அங்கே கூட்டம் நிறைந்திருந்தும், நிழலிலும் வெயிலிலும் நிற்கும் ஒவ்வொருவரும் தனித்தே தெரிகின்றனர்.