கணக்கு நிரலில் ரூபாக் குறி

முல்லைத்தீவுக்கு அண்மையில், நந்திக்கடலின் ஓரத்திலே அமைந்த ஊர் வற்றாப்பளை. வைகாசி விசாகப் பொங்கலன்று வன்னி எங்கணுமிருந்து மக்கள் அங்கே திரள்வர். அங்குக் கோயில் கொண்டிருக்கும் கண்ணகியின் வரலாறு, சிலம்பின் உள்ளிருந்த பரல் மாணிக்கமோ முத்தோ என்ற வழக்கிலே முறுகிய வரலாறு. வெளித்தோற்றத்தில் இரு சிலம்பும் ஒன்றே; உடைத்த பின்னரே உண்மை வெளிப்பட்டது.

கணக்கேட்டிலும் இத்தகைய மயக்கம் உண்டு. நிரலில் 100 என்று ஓர் எண் நிற்கின்றது. அது நூறு ரூபாவா, நூறு புசல் நெல்லா? எண் வாய் திறவாது. அருகில் நிற்கும் குறியே அதனைச் சொல்ல வேண்டும்.

பழைய தமிழ்க் கணக்கர் இதனை நன்கறிந்திருந்தனர். பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாவுக்கு ௹ என அவர்கள் குறி வகுத்திருந்தனர். காசு, பணம், பொன், வராகன் ஆகியவற்றுக்கும் தனித்தனிக் குறிகள் இருந்தன. நெல்லுக்கும் ஒன்று இருந்தது. ஒரு குறி தவறினால் ஓர் உழவனின் கடன் தவறும் அன்றோ?

இலங்கையில் குறி மட்டுமன்றி நாணயமே பன்முறை மாறியது. ஒல்லாந்தர் காலத்து இறைசால் 12 பணம் கொண்டது. 1825 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அதனை 1 சிலிங் 6 பென்ஸ் என்று மதித்து, பவுண், சிலிங், பென்ஸ் என்னும் முறையைக் கணக்கிற் புகுத்தினர். 1872 ஜனவரி 1 முதல் ரூபாவும் சதமும் வந்தன. 1 ரூபா 2 சிலிங் 3 பென்ஸுக்குச் சமம் என்பது அப்போதைய விகிதம். அதாவது, முதல்நாள் 9 சிலிங் கடன்பட்டிருந்தவன் மறுநாள் 4 ரூபாக் கடனாளி. மூன்று நிரல்கள் இரண்டாயின. 9 என்ற எண்ணை அப்படியே விட்டுக் குறியை மாத்திரம் மாற்றியிருந்தால், அவன் கடன் இருமடங்குக்கு மேலாகியிருக்கும். குறியை மாற்றுவது வேறு, மதிப்பை மாற்றுவது வேறு. இந்தியாவிலோ அணாவும் பைசும் நீங்கி ரூபாய் பதின்மமாக 1957 ஏப்ரல் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்று பேரேட்டின் இடத்தைக் கணினியின் விரிதாள் பற்றிக்கொண்டது. அங்கே எண்ணும் அதன் உடையும் பிரிந்தே நிற்கின்றன. 1500 என்று இட்டு, நாணய வடிவத்தைத் தெரிந்தால், திரையில் ‘ரூ. 1,500.00’ எனத் தோன்றும். உள்ளிருப்பது 1500 என்ற எண்ணே. அவ்வாறன்றி, ‘௹ 1500’ என்று கையால் தட்டினால், பொறி அதனைச் சொல்லாகவே கொள்ளக்கூடும். அப்போது கூட்டல் அந்தக் கட்டத்தை ஓசையின்றித் தாண்டிச் செல்லும். பிழை என்ற எச்சரிக்கையும் எழாது. மொத்தம் குறைந்து நிற்கும். கணக்குப்பிள்ளை வெயிலில் வந்தவரை மீண்டும் அலைய விடுவார்.

பிறிதொரு பொறியும் உண்டு. மொழியும் நாடும் தெரியுமிடத்தில் ‘தமிழ் (இந்தியா)’ என்று தெரிந்தால், ₹ என்னும் குறி வந்து அமரும். உதயகுமார் என்னும் தமிழர் வரைந்த அழகிய குறி அது; 2010 ஜூலை 15 அன்று இந்திய அரசு ஏற்றது. எனினும் அது இந்திய ரூபாய்க்கே உரியது. வன்னி அலுவலகத்துக் கணக்கில் அது நின்றால், எண் சரியாயிருந்தும் தொகை பொய்யாகிவிடும். இலங்கைக் கணக்குக்கு ‘தமிழ் (இலங்கை)’ என்பதையே தெரிதல் வேண்டும்.

பழைய ௹ குறி மறைந்துவிடவில்லை. பற்று, வரவுக் குறிகளோடு அது 2003 இல் ஒருங்குறித் தொகுதியில் இடம்பெற்றது. காசும் பணமும் பொன்னும் வராகனும் 2019 இல் வந்து சேர்ந்தன. விரிதாளின் தனி வடிவ அமைப்பில் அதனை இரட்டை மேற்கோளுக்குள் வைத்து, எண்ணின் அமைப்பைத் தொடர்ந்து எழுதினால், குறி முன்னே நிற்கும்; எண் எண்ணாகவே இருந்து கூட்டலுக்கு உட்படும்.