சேர்வராயன் மலைச்சாரலில் வேதபோதகம்

காவியுடுத்து, பாதக்குறடு பூண்டு, புலால் நீத்த சந்நியாசியாக, இத்தாலிய நாட்டு இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி 1623ஆம் ஆண்டில் மதுரையினின்று புறப்பட்டு, சேந்தமங்கலம் வழியாகச் சேர்வராயன் மலையடிவாரத்துச் சேலத்தை அடைந்ததே இவ்வட்டாரத்துக் கத்தோலிக்க வேதபோதகத்தின் முதல் அத்தியாயமாகும்.

வேதாகமத்தையும் அப்போஸ்தலர் வழிவந்த பாரம்பரியத்தையும் சமபக்தியுடன் ஏற்க வேண்டுமென்று திரெந்துப் பொதுச்சங்கம் 1546இல் விதித்திருந்தபடியால், வேதத்தின் பொருளைத் திருச்சபையின் மரபு வழுவாது விளக்குவது குருமாரின் கடமையாயிற்று; அக்கடமையை நொபிலி, கேட்போருக்குப் பழகிய தர்க்க நெறியில் நின்று, சத்தியத்தை நியாயங்காட்டி நிறுவும் ‘ஞானோபதேசம்’ முதலிய தமிழ் நூல்களால் நிறைவேற்றினார்.

மலைமீதுள்ள ஏற்காட்டிலோ, காப்பித் தோட்டங்கள் பெருகிய பின்னர், 1894இல் குளூனி சூசையப்பர் சபைக் கன்னியர் திரு இருதயப் பள்ளியையும், 1917இல் கபிரியேல் சபைச் சகோதரர் மான்ட்போர்ட் பள்ளியையும் நிறுவ, கல்விச் சாலைகளின் வாயிலாகவும் அப்போதனை தழைத்தது. 1930இல் சேலம் தனி மறைமாவட்டமாயிற்று.

1965 நவம்பர் 18இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம், விசுவாசிகள் யாவரும் வேதாகமத்தை எளிதில் அணுக வழி திறந்திருக்க வேண்டுமென்று பிரகடனம் செய்தது. பகைவனையும் நேசி என்ற இயேசுவின் உபதேசத்தை வாசித்தறிவதோடு அமையாது, வாழ்ந்து காட்டுவோரிடத்திலேயே அச்சத்தியம் பூரணமாகப் பிரகாசிக்கும் என்பது எமது திடமான நம்பிக்கை.