சாலைத் தடுப்புகளின் மறுபயன்பாடு

சாலையை அகலப்படுத்தும்போதோ விபத்துக்குப் பின்னரோ கழற்றப்படும் பாதுகாப்புத் தடுப்புகளை மீண்டும் நிறுவுவது சாலைத் தடுப்பு மறுபயன்பாடு எனப்படும். தமிழ்நாட்டில் ஓசூர்–கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இதற்குத் தேவை மிகுதி. பெங்களூரிலிருந்து வரும் தேசிய நெடுஞ்சாலை 44 (முன்பு 7) இவ்வழியே சேலம் செல்கிறது. சென்னைச் சாலை கிருஷ்ணகிரியில் பிரிகிறது. சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளின் லாரிகளும் இவற்றையே நம்பியுள்ளன. ஓசூர்–கிருஷ்ணகிரிச் சாலை ஆறுவழியாக்கப்பட்டது.

வரலாறு

தொடக்கத்தில் மலைப்பாதை வளைவுகளில் வெள்ளையடித்த காவற்கற்களே நடப்பட்டன. கருங்கல்லுக்குப் பேர்போன கிருஷ்ணகிரியில் அதற்குப் பஞ்சமில்லை. பெயர்த்து வேறிடத்தில் நட்டாலும் கல் கல்தான். ஆனால் மோதும் வண்டியின் வேகத்தைக் கல் தணிப்பதில்லை. கான்கிரீட் நடுத்தடுப்பு கலிபோர்னியாவின் கிரேப்வைன் மலைச்சரிவில் 1946இல் வந்தது. நியூ ஜெர்சியில் 1955இல் 18 அங்குல உயரத்தில் வைத்த தடுப்பு 1959இல் 32 அங்குலமானது. சரிந்த அடிப்பகுதி சக்கரத்தை ஏற்றி வண்டியைத் தடத்துக்கே திருப்பிவிடும் இந்த வடிவம் உலகெங்கும் பரவியது.

வகைகள்

இந்தியச் சாலைப் பேராயத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டி (ஐஆர்சி 119) தடுப்புகளை மூன்றாகப் பகுக்கிறது: கம்பிவட நெகிழ்தடுப்பு, இரும்புத்தகட்டு அரைவிறைப்புத் தடுப்பு, கான்கிரீட் விறைப்புத் தடுப்பு. வார்த்து வைத்த கான்கிரீட் துண்டுகளைக் கிரேனால் தூக்கி அடுத்த வேலையிடத்தில் வைக்கலாம். தகட்டுத் தடுப்பு அப்படியன்று. 3 மி.மீ. கனமுள்ள இரட்டை மடிப்புத் தகடு, 2 மீட்டருக்கு ஒன்றாக ஊன்றிய கம்பங்களில் போல்ட்டால் முடுக்கப்படுகிறது. ஒரு தகட்டின் முனை எதிர்வரும் வண்டியைக் குத்தாதபடி போக்குவரத்துத் திசையிலேயே அடுத்ததன்மேல் படிய வேண்டும். இடம் மாற்றும்போது இதைக் கவனிக்காவிட்டால் தடுப்பே ஈட்டியாகிவிடும். துத்தநாகப் பூச்சு உரிந்தாலோ துளை கிழிந்தாலோ தகட்டை அப்படியே மீண்டும் மாட்டக் கூடாது. அடிபட்டதை நிமிர்த்தி மாட்டுவது பொய்ச் சிக்கனம். அது தன் வேலையை ஒருமுறை செய்து முடித்துவிட்டது.

விதிமுறை

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கட்டுமான விவரக்குறிப்பின்படி, கலைத்தெடுத்த பொருள்கள் அரசின் உடைமை. மதிப்புள்ளவற்றை வகைபிரித்து அடுக்கிவைக்க வேண்டும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, சாலைத் தரக்குறைவால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால் ஒப்பந்ததாரருக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது.

இன்றைய நிலை

வளைந்த தகடுகள் எடைக்கு விற்கப்பட்டு உலைக்குப் போகின்றன. இரும்புத் தகட்டுக்கு மாற்றாக, 2023இல் மகாராஷ்டிரத்தின் வணி–வரோரா நெடுஞ்சாலையில் 200 மீட்டருக்கு மூங்கில் தடுப்பு அமைக்கப்பட்டது.