கழுவேலிக் கரையின் கணக்குப் புத்தகம்

மழைக்காலத்தில் ஒரு நாழிகை நேரம் சென்னையின் தென்புறநகரான கோவிலம்பாக்கத்தில் நின்று, தண்ணீர் எந்தத் திசையில் நகர்கிறது என்று கவனிப்பவனுக்கு அவ்வூர்ச் சரித்திரத்தின் பாதி விளங்கிவிடும். பல்லாவரத்துப் பெரிய ஏரி நிரம்பினால் கீழ்க்கட்டளை ஏரிக்கும், அது நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்கும், அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலமான கழுவேலிக்குமாகப் படிப்படியாக இறங்குகின்ற நீர், கடைசியில் ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயை எட்டிக் கோவளத்து முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. ரசாயன சாஸ்திரத்தின் பெரிய வழக்கொன்று இவ்வூருக்கு மேற்கேயும், உயிரியலின் பெரிய வழக்கொன்று கிழக்கேயும் நடந்தன என்பதையும், அவ்விரண்டையும் பள்ளிப் பிள்ளைகள் ஆராயும் சம்பிரதாயம் நம் தேசத்தில் எப்படித் தோன்றியது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேற்குப் பக்கத்து வழக்கின் பெயர் குரோம்பேட்டை ரயில் நிலையத்துப் பலகையிலேயே எழுதியிருக்கிறது. ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறவைத்துத் தோலைப் பதனிடுவதே தென்னாட்டுப் பழைய முறை. அமெரிக்காவில் 1884-ல் அகஸ்டஸ் ஷுல்ஸ் என்பவர் குரோமிய உப்பினால் பதனிடும் முறைக்கு உரிமை பெற்ற பிறகு, வாரங்கள் பிடித்த வேலை மிகச் சில தினங்களில் முடியலாயிற்று. ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி அம்முறையைச் சென்னை மாகாணத்தில் சோதித்துப் பார்த்தபோது அவர் மனத்திலிருந்த உபயோகங்களுள் ஒன்று, கிணற்றிலிருந்து மாடு கட்டி நீர் இறைக்கும் கவலைக்குத் தண்ணீரில் அழுகாத தோலைச் செய்து தருவதாகும். பின்னர் பல்லாவரத்தருகே சேம்பர்ஸ் என்பவர் நிறுவிய குரோம் லெதர் கம்பெனியே குரோம்பேட்டைக்குப் பெயரளித்தது. கிணற்று நீரை மேலே கொண்டுவருவதற்கென்று விரும்பி வரவழைக்கப்பட்ட தோல்தொழிலே, அருகேயுள்ள நாகல்கேணி முதலிய இடங்களில் கிணற்று நீர் கெட்டதற்குக் காரணமாகச் சுட்டப்பட்டது காலத்தின் விசித்திரம்.

இவ்வழக்கில் ரசாயனம் எளிதில் ஒரு பக்கம் சாய்வதில்லை. குரோமியம் ஒன்றேயாயினும் அதன் நிலைகள் வேறு: தோலோடு பிணைகின்ற மூன்றாம் ஆக்சிஜனேற்ற நிலை தீங்கு குறைந்தது, ஆறாம் நிலையோ நீரில் எளிதில் கரைந்து பரவுவதும், புற்றுநோயை விளைவிக்க வல்லதுமாகும். ஆகவே கழிவுநீரில் குரோமியம் இருக்கிறது என்று சொல்வதோடு விவாதம் முடிவதில்லை. எந்த நிலையில், எவ்வளவு என்று கேட்ட பின்னரே அது தொடங்குகிறது. ஆயிரக்கணக்கானோரின் ஜீவனம் ஒரு தட்டிலும் குடிநீர் மறுதட்டிலும் நிற்க, 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பின் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற தத்துவத்தை நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கி, ஐந்து மாவட்டங்களின் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அம்மாவட்டங்களில் ஒன்றான செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்தில்தான் அன்று கோவிலம்பாக்கமும் இருந்தது.

கிழக்குப் பக்கத்து வழக்கு வேறு விதமானது. ஏரியுமன்று, வயலுமன்று என்று ஒதுக்கப்பட்ட கழுவேலி, அரசாங்கக் கணக்கில் நெடுங்காலம் தரிசாகவே கருதப்பட்டு, பெருங்குடிப் பக்கம் மாநகரக் குப்பைக்கும், மற்றப் பக்கங்களில் சாலைக்கும் கட்டடத்துக்கும் இடங்கொடுத்துச் சுருங்கிற்று. கோரையும் சேறும் வெள்ளத்தை உறிஞ்சி நிற்பவை என்பதையும், பூநாரை முதலிய பறவைகளுக்கு அது புகலிடம் என்பதையும் இயற்கை ஆர்வலர்கள் வருஷக்கணக்கில் எடுத்துச் சொன்ன பின்னரே, 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது; 2022-ல் 1,247 ஹெக்டேருக்கு சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சார் அந்தஸ்து கிடைத்தது.

இத்தகைய விஷயங்களை மாணவர் கைக்கு ஒப்படைக்கும் வழக்கம் பழமையானதன்று. ஆசிரியர் மேசைமீது செய்து காட்டுவதை வரிசையாக நின்று பார்ப்பதே முன்னாளில் பள்ளிச் சோதனையாக இருந்தது. 1972-ல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் ஜில்லாவில், பதினாறு பள்ளிகளில், பிள்ளைகள் நால்வர் நால்வராகக் கூடித் தாமே சோதனை செய்து தாமே முடிவெழுதும் கல்விமுறை தொடங்கியது. தமிழகத்தில் 1980-ல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் விஞ்ஞானத்தை வீதிக்குக் கொணர்ந்தது. 1993 முதல் தேசிய அளவில் நடைபெறும் குழந்தைகள் அறிவியல் மாநாடு, பத்து முதல் பதினேழு வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர் ஒரு குழுவாய்ச் சேர்ந்து, வழிகாட்டி ஆசிரியரின் துணையோடு, தம் சொந்த ஊரின் பிரச்னையொன்றை ஆராய்ந்து, தாய்மொழியிலேயே அறிக்கை அளிக்க வழிசெய்தது. உயிரியல் கூடத்துக்குள்ளேயே எழுந்த பழைய சர்ச்சையான தவளை அறுப்பும் இதற்கிடையில் மாறியது. 2011-ல் பல்கலைக்கழக மானியக்குழு விலங்குகளை அறுத்துப் பயிலுவதைக் குறைத்து நிறுத்தும்படி நெறி வகுத்தது. மேசைமேல் தவளையை அறுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஏரிக்கரையில் அதன் குரலை எண்ணலாம் என்ற நிலை வந்தது.

குழுவாகச் செய்வதன் மேன்மை வேலைப் பங்கீடு மட்டுமன்று. ஒருத்தியின் தகப்பனார் தோல் தொழிற்சாலையில் கூலி பெறுபவராகவும், இன்னொருவனின் வீட்டார் குடிநீரை லாரியில் வாங்குபவராகவும் இருக்கையில், அவ்விருவரும் ஒரே சீசாவில் எடுத்த நீரைச் சோதித்து ஒரே தாளில் கையெழுத்திட நேரும்போது, விவாதம் என்பது பகைமையன்று என்ற பாடம் சொல்லாமலே மனத்தில் பதிகிறது. ஆயினும் இந்நாளில் தெர்மாகோல் பலகையையும் அச்சிட்ட விளக்கத்தையும் கடையில் வாங்கி ஒட்டி, முடிவை முதலில் எழுதிவிட்டு அளவைப் பின்னர் பொருத்துவதும் நடக்கிறது. அதனினும் பெரிய நஷ்டம், உண்மையாகவே உழைத்து எழுதிய குறிப்பேடுகளும் பரிசளிப்புக்குப் பிறகு பழைய பேப்பர்க் கடைக்குப் போய்விடுவது.

கழுவேலி இவ்வளவு எளிதாகத் தரிசென்று எழுதப்பட்டதற்கு ஒரு காரணம், அதன் நீரையும் உயிரையும் அங்குள்ளோர் தேதியிட்டு எழுதி வைக்காததே. ஆகையால் ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள்: நாராயணபுரம் ஏரியின் மதகருகே இவ்வருஷம் உங்கள் பிள்ளைகள் எடுத்த அளவைப் பள்ளி நூலகத்தில் பத்திரப்படுத்துங்கள், அடுத்த வருஷத்துக் குழுவை அதே இடத்துக்கு, அதே மாதத்தில், அந்தக் குறிப்பேட்டோடு அனுப்புங்கள்.