மதியிறுக்கமுடைய உள்நோயாளிகளுக்கான மருந்தாளுநர் பணி

மதியிறுக்கமுடைய உள்நோயாளிகளுக்கான மருந்தாளுநர் பணி என்பது, மதியிறுக்கம் (ஆட்டிசம்) உள்ளோர் மருத்துவமனையில் தங்கும்போது அவர்களின் மருந்துகளைச் சரிபார்த்தல், ஏற்ற வடிவில் வழங்குதல், பக்க விளைவுகளைக் கண்காணித்தல் ஆகியவற்றைக் குறிக்கும். மதியிறுக்கத்தை நீக்கும் மருந்து எதுவும் இல்லை. எனினும் உடன் காணப்படும் வலிப்பு, உறக்கமின்மை, கடும் எரிச்சல் முதலியவற்றிற்கு மருந்து தேவைப்படலாம்.

பின்னணி

இந்தியாவில் 1999 ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டமும், 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் மதியிறுக்கத்தை உள்ளடக்குகின்றன. மருத்துவமனைப் பயிற்சியுடன் கூடிய பார்ம்.டி. படிப்பு 2008 இல் அறிமுகமானது. சென்னையின் தென்புறத்தில் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 இல் நிறுவப்பட்டது.

மருந்து வரலாறு

சேர்க்கையின்போது, வீட்டில் உட்கொள்ளும் மருந்துகளின் பெயர், அளவு, நேரம் ஆகியன பெற்றோரிடமோ பராமரிப்பாளரிடமோ கேட்டறியப்படும். சித்த மருந்துகளும் ஊட்டச்சத்து மாத்திரைகளும் இதில் அடங்கும். வலிப்பு மருந்து ஒரு வேளை தவறினாலும் வலிப்பு ஏற்படலாம். மாத்திரையின் நிறமோ வடிவமோ மாறினால் சிலர் அதனை மறுப்பர். எனவே வழக்கமான தயாரிப்பையே தொடர்வது நன்று.

மருந்தின் வடிவம்

விழுங்க இயலாதவருக்கு நீர்ம மருந்து பயன்படும். மெதுவாக வெளிப்படும் வகை மாத்திரைகளைப் பொடிக்கக்கூடாது. ரிசுபெரிடோன் நீர்மத்தைத் தேநீரிலோ கோலா பானத்திலோ கலக்கலாகாது, தண்ணீரில் கலக்கலாம். உணவில் மறைத்துக் கொடுத்தால், நோயாளி அவ்வுணவையே வெறுக்கக்கூடும்.

மருந்துகளின் இடைவினை

தாம்பரம் சானடோரியத்தில் 1928 இல் டேவிட் சவுரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனை, இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகிறது. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், கல்லீரல் நொதிகளைத் தூண்டி, ரிசுபெரிடோன், அரிபிப்ரசோல், வால்ப்ரோயேட் ஆகியவற்றின் குருதி அளவைக் குறைக்கும். ரிஃபாம்பிசின் நிறுத்தப்பட்டபின் அவ்வளவு மீண்டும் உயரும். ஆகவே தொடக்கம், முடிவு ஆகிய இரு நிலைகளிலும் மருந்தளவை மறுஆய்வு செய்யுமாறு மருந்தாளுநர் மருத்துவரிடம் பரிந்துரைப்பார். இதேபோல் மெரோபெனம் என்னும் நுண்ணுயிர் எதிரி, வால்ப்ரோயேட்டின் அளவை விரைவாகக் குறைத்து வலிப்பைத் தூண்டலாம்.

பக்க விளைவுகள்

பேச்சால் உணர்த்த இயலாதவரிடம் பல்வலியோ மலச்சிக்கலோ, தலையை மோதிக்கொள்ளுதல் போன்ற நடத்தையாக வெளிப்படலாம். ரிசுபெரிடோன் போன்ற மருந்துகளால் உண்டாகும் அமைதியின்மையும் (ஓரிடத்தில் இருக்க இயலாமை) எரிச்சல் எனத் தவறாகக் கருதப்படலாம். இதற்காக அதே மருந்தின் அளவைக் கூட்டினால் துன்பம் மிகும். எனவே அளவைக் கூட்டுமுன் உடல் சார்ந்த காரணங்களும் மருந்தின் விளைவும் ஆராயப்படல் வேண்டும்.

விடுவிப்பு

வீடு திரும்பும்போது, நிறுத்தப்பட்ட, மாற்றப்பட்ட, புதிய மருந்துகளின் பட்டியல் எளிய தமிழில் வழங்கப்படும். படங்களால் அமைந்த கால அட்டவணை நோயாளிக்கும் உதவும்.

இவற்றையும் பார்க்கவும்

மதியிறுக்கம்
மருந்தாளுநர்
தாம்பரம்